ஆரஞ்சுத் தடுப்பின் மேல் பஜ்ஜித் தட்டு

வண்டிக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது என்று அப்பா பெருமையாகச் சொன்ன நிமிடத்திலேயே அம்மாவுக்கு அந்தப் பயணம் பிடிக்காமல் போயிற்று. அடுப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கதவுதான். இந்தப் பக்கம் கேசரி கிண்டுவது, அந்தப் பக்கம் அது என்றால் எந்தக் குடும்பத்தில் அடுக்கும்? "யாரும் அந்தக் கதவைத் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். எல்லோருடைய செருப்புகளையும் உள்ளே தள்ளிச் சாத்தினாள். ஆறு பேர் படுத்துறங்கும் மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழியில் தென்பட்ட ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் கக்கூஸுக்காக வண்டியை நிறுத்திய குடும்பம் அந்த வருடம் ஆஸ்திரேலியாவிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாங்கள் நால்வர். அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான என் சித்தி, பன்னிரண்டு வயதில் நான். போனது சித்தியைப் பெண் காட்ட. வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் விஷயத்தில் பெண் வீடே சக்கரம் கட்டிக்கொண்டு கிளம்பியது.

அது கொரோனா வருடம். சிட்னியில் கிரவீனில் எங்கள் வீடு. மாப்பிள்ளை இருந்தது பிரிஸ்பேனில். எங்கள் மாநிலத்துக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்று குவீன்ஸ்லாந்து கதவைச் சாத்தியிருந்தது. ஒரே நாடு, ஒரே பிரதமர், ஒரே கிரிக்கெட் அணி. ஆனால் ஒரு தெருவைத் தாண்டக் கூடாது. ஜூமில் இரண்டு முறை பார்த்தாயிற்று. ஆனால் ஜூமில் எல்லோருமே மார்பு வரைக்கும்தான் மனிதர்கள். பெண் எப்படி நடக்கிறாள், பையன் எப்படி நிற்கிறான் என்று பார்க்காமல் எந்தத் தாய் சரி என்பாள்? இரண்டு பக்கமும் இதையே சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அப்பா தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு தெருவைக் காட்டினார். கடலோரத்தில் ஒட்டிப் பிறந்த இரண்டு ஊர்கள். இந்தப் பக்கம் டுவீட் ஹெட்ஸ், எங்கள் மாநிலம். அந்தப் பக்கம் கூலங்கட்டா, அவர்கள் மாநிலம். நடுத்தெருவில் எல்லைக்கோடு. அந்தக் கோட்டின் மேல் இடுப்பளவு உயரத்தில், தண்ணீர் நிரப்பிய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தடுப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பேரக்குழந்தை கேக் வெட்டிக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, "பஜ்ஜிய எங்க போடறது?" என்று மட்டும் கேட்டாள். பயணம் அப்போதே முடிவாகிவிட்டது. ஓட்டல் அறையில் யார் யார் படுத்திருந்தார்களோ என்று அம்மா பயந்ததால் மோட்டார்ஹோம். சுற்றுலாக்காரர்கள் இல்லாத காலம் என்பதால் மலிவாகவும் கிடைத்தது.

எங்கள் வீட்டில் அப்போது 'மார்ச்' என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். படிக்க வந்த சித்திக்குப் படிப்பு முடிந்து, அதற்குப் பிறகு தங்குவதற்குக் கொடுத்த விசாவும் மார்ச்சில் முடிகிறது. கணக்கியலில் பட்டம் வாங்கியவளுக்கு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலைதான் கிடைத்தது. அதை வைத்து விசா நீட்ட முடியவில்லை. குடியுரிமை உள்ள ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டால், பிஆர் என்கிற நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கி இங்கேயே இருந்துவிடலாம். இல்லாவிட்டால் திருச்சி. மார்ச்சுக்குள் மாப்பிள்ளை என்பது அம்மாவுக்கு மூச்சுவிடுவது மாதிரி ஆகியிருந்தது.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. சித்தி என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டு மூன்று வருடமாகப் படுத்தவள். பள்ளியில் எவள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, எந்த ஆசிரியை என் பெயரைத் தப்பாக உச்சரிக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பிரிஸ்பேன் போனால் ஒரு விமானம் ஏறிப் பார்த்துவிடலாம். திருச்சி போனால் அவ்வளவுதான். ஆகவே அந்தப் பிரிஸ்பேன்காரரை நான் பார்ப்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். மூக்கு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று மனதளவில் அம்மாவைவிட இறங்கி வந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். வாழ்நாளெல்லாம் சின்னக் கார் ஓட்டிய அப்பா, அந்த வண்டியின் உயரத்தை நினைத்து ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் தலையைக் குனிந்தார். பின்னால் பாத்திரங்கள் உருண்டன. புரட்டாசி என்பதால் வழியில் எதையும் வாங்கித் தின்ன முடியாது. எல்லாம் தயிர்சாதமும் எலுமிச்சைசாதமும்தான். புரட்டாசியில் நல்ல காரியம் பண்ணலாமா என்று திருச்சியிலிருந்து யாரோ கேட்டதற்கு அம்மா, "நிச்சயந்தான் பண்ணக் கூடாது, சும்மா பாக்கறதுக்கு என்ன?" என்று சட்டம் பேசி முடித்திருந்தாள். ஆனால் அவளுக்கே அது உறுத்திக்கொண்டிருந்தது. சீட்பெல்ட் போட்டபடியே அரை மணிக்கு ஒரு தரம் திரும்பி, பூ வாடுகிறதா, பட்டுப்புடவை கசங்குகிறதா என்று கேட்டாள். சித்தி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கால் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையால் பிடித்து நிறுத்துவேன். விட்டதும் மறுபடி ஆடும்.

அன்றிரவு காஃப்ஸ் ஹார்பரில் தங்கினோம். ஊரைச் சுற்றி வாழைத்தோட்டங்கள். அம்மாவோ பஜ்ஜிக்கான வாழைக்காயைச் சிட்னியில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பென்டில் ஹில் கடையிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். தெரியாத ஊர் வாழைக்காயை நம்பி மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் டுவீட் ஹெட்ஸ் போய்ச் சேர்ந்தோம். வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் ஆற்றோரமாக இடம் கொடுத்தார்கள். மூன்று மணிக்குத் தடுப்பருகே சந்திப்பதாக ஏற்பாடு. ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. அவள் அந்தக் கையகலச் சமையல் மூலையில் எண்ணெயைக் காயவைத்தாள். முதல் ஈடு பஜ்ஜி பொன்னிறமாவதற்குள் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கிவிட்டது. அப்பா தலையணையை எடுத்து அதை விசிறினார். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தீயணைக்கும் உருளையோடு ஓடிவந்தாள். அவளுக்கு இரண்டு பஜ்ஜி கொடுத்து அனுப்பினோம். இந்தக் களேபரத்தில், நெற்றிப்பொட்டு வைக்க வெளிச்சம் போதாமல் சித்தி கக்கூஸ் கதவைத் திறந்து உள்ளே இருந்த கண்ணாடியில் முகம் பார்த்தாள். அம்மா பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு எல்லைத் தெருவில் நின்றோம். தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை. எவர்சில்வர் டப்பாக்களில் பஜ்ஜியும் கேசரியும். மயில்கழுத்து நிறப் புடவையில் சித்தி. கடல்காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. தடுப்பின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலிகள், குழந்தைகள், நாய்கள். அரைக்கால் சட்டை போட்டவர்கள் எங்களைத் திருவிழா பார்ப்பது போலப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. போன் செய்தால், "வந்துட்டே இருக்கோமுங்க, நேரம் இருக்குங்களே" என்கிறார் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் அம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. முதல் தடவையே காக்கவைக்கிறார்கள் என்றால் நாளைக்கு? அப்பா போனை எடுத்து மணி பார்த்தார். எங்கள் மணியைக் காட்டியது. இரண்டடி நடந்து மறுபடி பார்த்தார். அந்தப் பக்கத்து டவரைப் பிடித்து ஒரு மணி நேரம் பின்னால் போயிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று அதிகாலைதான் எங்கள் மாநிலத்தில் கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். குவீன்ஸ்லாந்தில் அந்த வழக்கமே கிடையாது. மூன்று மணி என்று பேசிய இரண்டு வீட்டாரும் யாருடைய மூன்று மணி என்று பேசவில்லை. தினமும் பிரிஸ்பேன் அலுவலகத்தோடு மீட்டிங் நடத்துகிற அப்பா, யாரும் கேட்பதற்கு முன்பே கடலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அவர்கள் தங்கள் மூன்று மணிக்குச் சரியாக வந்தார்கள். எங்களுக்கு நாலு. எங்கள் பக்கத்து ராகு காலத்துக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது. அவர்களுக்கோ தாராளமாக ஒன்றரை மணி. தடுப்பைத் தாண்ட அந்த வருடம் அனுமதிச் சீட்டு தேவைப்படாத ஒரே ஆள் ராகுதான். முதலில் எங்கள் பக்கம் வந்து இருந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தெருவைக் கடந்து அவர்கள் பக்கம் போவார். அம்மா அவசரப்பட, அந்த அம்மா நிதானமாகக் குசலம் விசாரிக்க, இரண்டு பேருக்கும் நடுவில் தாம்பாளம் தடுப்பின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

வந்தது மூன்று பேர். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா. மகனைப் பார்க்க மூன்று மாதத்துக்கென்று வந்தவர், விமானங்கள் நின்றுபோனதால் அந்த வருடம் முழுக்க மகன் வீட்டிலேயே இருந்தார். அப்புறம் மாப்பிள்ளை. மூக்கு நேராகத்தான் இருந்தது. மூன்றாவது ஆள் கார் ஓட்டி வந்தவர்; சிவப்புத் தாடி வைத்த வெள்ளைக்காரர். அவர் கிட்டே வரவில்லை. காரிலிருந்து இறங்கி, மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பின்னால் ஒரு முறை இழுத்துச் சரிசெய்து அனுப்பிவிட்டு, வெயிலில் கார்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். ஓட்டிவந்தவருக்கு என்ன அக்கறை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி குனிந்து கும்பிட்டாள். அந்த அம்மாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "நேர்ல இன்னும் லட்சணமா இருக்கிறே கண்ணு" என்று கன்னத்தை வழிக்கக் கையை நீட்டினார். அந்தப் பக்கம் ரோந்து வந்த போலீஸ்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். நீட்டிய கை பாதியிலேயே திரும்பிக் காற்றில் திருஷ்டி கழித்தது.

பிறகு வழக்கம்போல, ரெண்டு வார்த்தை தனியாகப் பேசட்டும் என்றார்கள். தனியாக எங்கே போவது? இவள் இந்த மாநிலத்திலும் அவர் அந்த மாநிலத்திலுமாகத் தடுப்பை ஒட்டியே கொஞ்ச தூரம் நடந்து போகலாம், அவ்வளவுதான். அம்மா என் தோளைத் தட்டி, "நீயும் கூடப் போ. ஆனா எதையும் காதுல வாங்காதே" என்றாள். ஐந்தடி பின்னால் நடந்து, எல்லாவற்றையும் காதில் வாங்கினேன்.

சித்தியின் புடவை முந்தானை தடுப்பில் மாட்டி மாட்டி விடுபட்டது. அவர்தான் ஆரம்பித்தார்.

"மார்ச்ல உங்களுக்கு விசா முடியுதுன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமா."

"எனக்கும் ஒரு பிரச்சனை இருக்கு" என்று அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். சித்தியும் பார்த்தாள். சிவப்புத் தாடிக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். இல்லை என்று தெரிந்ததும் கையை மெதுவாக இறக்கினார்.

சித்தி காரிலிருந்து பார்வையை மாப்பிள்ளை பக்கம் திருப்பினாள். பிறகு கேட்டாள். "எத்தனை வருஷமா?"

"அஞ்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று. எனக்கு எரிச்சலாக வந்தது. கிடைத்திருப்பதே அரை மணி. அதில் கார் ஓட்டி வந்தவரைப் பற்றியா பேசுவது? எந்த வேலை, எவ்வளவு பெரிய வீடு, சிட்னிக்கு எத்தனை தடவை அனுப்புவார் என்று கேட்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது!

அவர் தடுப்பின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. பேருக்கு ஒரு கல்யாணம். நீங்க உங்க இஷ்டப்படி இருக்கலாம், சிட்னியிலேயே கூட. பிஆர் வந்ததுக்கு அப்புறம் என்ன வேணாலும் முடிவு பண்ணிக்கலாம். உங்களுக்கு விசா, எங்க அம்மாவுக்கு நிம்மதி. ரெண்டு பேருக்கும் வசதி."

எனக்கு இது மிக நல்ல ஏற்பாடாகப் பட்டது. சிட்னியிலேயே இருக்கலாம் என்கிறாரே! பிரிஸ்பேனுக்குக் கூடப் போக வேண்டாம். மெத்தை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். கல்யாணம் இவ்வளவு சுலபமானதா என்று வியந்துபோனேன். சித்தி இப்போது தலையாட்டிவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சித்தி நின்றுவிட்டாள். அந்த அரை நிமிடத்தில் அவள் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. தேர்வுத்தாளில் விடை தெரிந்தும் எழுதலாமா என்று யோசிப்பவள் போல இருந்தாள்.

"ரெண்டு பேரா? மூணு பேரில்லையா?" என்றாள். "அவருக்கு இதுல என்ன வசதி?"

அவர் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டார்.

"எனக்கு ஆசையில்லாம இல்லைங்க" என்றாள் சித்தி. "நீங்க சொன்னதும் சரின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் சரின்னு சொன்னா, அவரு வாழ்நாள் பூரா கார்கிட்டயே நிக்கணும். வேண்டாம். நான் பிடிக்கலைன்னு சொல்லிடறேன். உங்க அம்மா உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"உங்களைக் கேப்பாங்களே, காரணம்."

சித்தி அவரைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். "என்ன உயரம் நீங்க?"

"அஞ்சு எட்டு."

"போதும். ஆறடி வேணும்னு சொல்லிடறேன். ஜூம்ல தெரியலைன்னு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை; தடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார், அல்லது அது சிரிப்பு என்று நான் நினைத்தேன். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நல்ல ஏற்பாட்டை யாரோ கை தவறிக் கீழே போட்டது போல இருந்தது. தூரத்தில் அம்மாவுக்கோ சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. அவள் அப்பாவை முழங்கையால் இடித்தாள். அப்பா போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ இன்னும் எங்களிடம் இருக்கிறது. இவ்வளவு பொருத்தமான ஜோடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் சித்தி, "உங்க ஃப்ரெண்டையும் கூப்பிடுங்க, பஜ்ஜி ஆறிப்போகுது" என்றாள். சிவப்புத் தாடிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். சித்தி தானே ஒரு தட்டில் பஜ்ஜியும் கேசரியும் வைத்துத் தடுப்புக்கு மேலே அவரிடம் நீட்டினாள். அம்மா மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த முந்திரி நிறைந்த பங்கு அது. அம்மாவின் புருவம் உயர்ந்தது. அந்த அம்மாவோ பூரித்துப்போனார். "ரொம்ப நல்ல பையனுங்க இவன். வாராவாரம் ஞாயித்துக்கிழமை வந்து எங்க வீட்டுப் புல்லை வெட்டிக் குடுத்துட்டுப் போவான். காசு குடுத்தாக்கூட வாங்க மாட்டான்" என்றார். தாடிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து, பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைப் பிய்த்துத் தடுப்பின் மேல் வைத்தார். சித்தி அதை எடுத்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பெரியவர் கொடுத்ததை மறுக்க முடியாது. அம்மா அதைக் காரியம் பலித்ததற்கு அடையாளமாகவே எடுத்துக்கொண்டாள். வண்டிக்குத் திரும்பும் வழியெல்லாம் மண்டபம் எத்தனை பேர் கொள்ளும், இந்தக் கொரோனாவில் திருச்சியிலிருந்து யார் வர முடியும் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

வண்டிக்குள் நுழைந்து புடவையை மாற்றிக்கொண்டே சித்தி சொன்னாள். "எனக்கு வேண்டாங்க்கா."

மோட்டார்ஹோமில் சண்டை போடுவது போன்ற கொடுமை வேறு கிடையாது. கோபித்துக்கொண்டு போக அறை இல்லை. அறைந்து சாத்தக் கதவு இல்லை. இருக்கிற ஒரே கதவையும் அம்மாவே தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவள் கேள்வி கேட்டபடியே அலமாரிகளைத் திறந்தாள், மூடினாள். உயரம் என்று சித்தி சொன்னது அம்மாவுக்கு முதலில் காதில் விழவேயில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "நாலு இஞ்சாடி? நாலு இஞ்சுக்காடி?" அப்பா இதில் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல், நிரம்பியிருந்த தண்ணீர்த் தொட்டியை மறுபடி நிரப்பக் குழாயோடு வெளியே போனார். அம்மா அழுதாள். "மார்ச்சு வந்தா என்னடி பண்ணுவே?" என்று அவள் முதல் தடவையாகச் சத்தமாகக் கேட்டாள். சித்தி பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டினாள்.

மறுநாள் அம்மா போன் செய்தபோது அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "என்ற பையனுக்கு என்னங்க குறைச்சல்?" என்று அவர் கேட்டது வண்டி முழுக்கக் கேட்டது. அம்மா மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப்போனாள். போனை வைத்த பிறகு, ராகு காலத்தில் பேச விட்டதுதான் தப்பு, அந்தப் பூவைக் கொடுத்தபோது மணி நாலரை தாண்டிவிட்டது என்று ஒரு முடிவுக்கு வந்தாள். சித்தியும் "ஆமாக்கா, அதுவாத்தான் இருக்கும்" என்றாள். அம்மாவுக்கு அதில் ஒரு சிறு ஆறுதல் கிடைத்தது.

சிட்னி திரும்பும் வழி நெடுக வண்டியில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. மார்ச்சில் சித்தி போய்விட்டாள். விமானம் கிடைப்பதே அரிதாக இருந்த நேரம்; கிடைத்த ஒன்றில், முகக்கவசமும் கண்ணாடிக் கவசமுமாக ஏறினாள். இப்போது திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமும் ஆயிற்று, சித்தப்பா அவளைவிட ஒரு இஞ்சு குள்ளம். கல்யாணத்தில் அம்மா மணமேடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றும் வென்ட்வேர்த்வில் கடைகளில் தெரிந்தவர்கள் யாராவது தங்கையைப் பற்றிக் கேட்டால், "நாலு இஞ்சுக்காக ஒரு நாட்டையே விட்டுட்டுப் போனா" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அந்தச் சிவப்புத் தாடிக்காரர் யார் என்பது எனக்குப் புரிய மூன்று வருடம் பிடித்தது. பதினைந்து வயதில் ஒரு நாள் பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது, சட்டைக் காலரை இழுத்துவிட்ட அந்தக் கை சும்மா நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த தோழியிடம் சொல்லவும் முடியாமல், இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். அவர் வாராவாரம் வந்து வெட்டிக் கொடுத்தது தன் வீட்டுப் புல்லைத்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடு அது. கோயம்புத்தூர் அம்மா வந்து இறங்கியதும் ஒருவர் வெளியேறி நண்பராகிவிட்டார். சென்ற மாதம் சித்தி போனில் சொன்னாள், அந்தப் பிரிஸ்பேன்காரர் ஒருவழியாகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அந்த அம்மா ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது இரண்டு பேருக்கும் பருப்புப்பொடி அனுப்புகிறாராம். அப்படியென்றால் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. உங்கம்மாவும் படிக்கட்டும். உயரத்தை மட்டும் சரியாப் போடு" என்றாள்.

சித்தி ஏன் வேண்டாம் என்றாள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. புரியப் புரிய, அந்தத் தெருவில் அவள் தாடை இறுகித் தளர்ந்த அரை நிமிடம்தான் பெரிதாகிக்கொண்டே போகிறது. சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு எல்லாம் கிடைத்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னதோடு விட்டிருந்தாலும் போதும். அதற்கான பழியையும் வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இங்கேயே இருக்க வழி கிடைத்தும் அவள் என்னை விட்டுப் போகிறாள் என்பது மட்டும்தான். டுவீட் ஹெட்ஸிலிருந்து வந்து ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஒரே அறையில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தபடி, "குட்டி, தூங்கிட்டியா?" என்று தினமும் கேட்பாள். நான் பதில் சொல்ல மாட்டேன். என்னைச் சமாதானப்படுத்த அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லிவிடுவாள் என்றுதான் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்த வாக்கியம் இன்னொருவருடையது, அதனால்தான் அவள் அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.